அரைத்த மிளகாய் திரும்பாது: மறந்த பாஸ்வேர்டை ஏன் யாராலும் சொல்ல முடிவதில்லை?

சிவகங்கைச் சீமையில் காளையார்கோவில் பக்கம் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும்.

"போன வருசம் நீங்கதானே அண்ணே எனக்குப் போட்டுக் குடுத்தீங்க?"

"போட்டது நான்தாம்ப்பா. பாஸ்வேர்டு வச்சது நீ."

"அது மறந்துபோச்சுண்ணே. அவங்ககிட்டயே பழசக் கேட்டு வாங்கிக் குடுங்களேன்."

"பழசு அவங்ககிட்டயும் இல்லப்பா."

பையன் நம்பமாட்டான். தப்பாக அடித்தால் தப்பு என்றும், சரியாக அடித்தால் உள்ளே வா என்றும் சொல்லத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, அந்தச் சரியான விடை எதுவென்று தெரியாமலா இருக்கும்? நியாயமான சந்தேகம். ஆனால் சென்டர்காரர் சொன்னதுதான் உண்மை. ஒழுங்காகக் கட்டிய எந்தத் தளத்திலும் உங்கள் பாஸ்வேர்டு இருக்காது. அதை அரைத்த தூள்தான் இருக்கும்.

மாசியிலும் பங்குனியிலும் நம் ஊர் மொட்டை மாடிகளில் காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, விரலி மஞ்சள். நன்றாகக் காய்ந்ததும் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு மில்லுக்குப் போகிறோம். முன்னால் நிற்பவருக்குத் தும்மல், பின்னால் நிற்பவருக்குக் கண்ணெரிச்சல். கால் மணி நேரத்தில் குழம்புத்தூள் சுடச்சுட வாளிக்கு வந்துவிடுகிறது. இனி யார் வந்தாலும் அந்தத் தூளிலிருந்து மிளகாயைத் தனியாக, மல்லியைத் தனியாக எடுக்க முடியாது. மில்லுக்காரரைக் கெஞ்சினாலும் முடியாது, மிரட்டினாலும் முடியாது. மோட்டாரைத் திருப்பி ஓட்டினாலும் மிளகாய் வெளியே வராது.

கணினியிலும் இப்படி ஒருவழி மில் உண்டு. அதற்கு ஹாஷ் என்று பெயர். நீங்கள் முதன்முதலில் கணக்குத் தொடங்கி பாஸ்வேர்டு வைக்கும்போது, தளம் அதை அந்த மில்லில் போட்டு அரைக்கிறது. வந்த தூளை உங்கள் பெயர் எழுதிய ஜாடியில் போட்டு மூடுகிறது. நீங்கள் தந்த மிளகாயும் மல்லியும் அந்த நொடியோடு போயிற்று. மறுநாள் வந்து பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள். அதையும் அதே மில்லில் அரைத்து, ஜாடியில் இருக்கும் தூளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். விடை தெரியாமலே சரி, தப்பு சொல்லும் வித்தை இவ்வளவுதான்.

இந்த மில் நம் ஊர் மில்லைவிட இரண்டு விதத்தில் விசித்திரமானது. ஒரு மிளகாய் போட்டாலும் ஒரு மூட்டை போட்டாலும் தூள் ஒரே அளவுதான் வரும். எம்டி5 என்ற பழைய மில்லாக இருந்தால் 32 எழுத்து, இன்று பரவலாக ஓடும் எஸ்ஹெச்ஏ-256 என்றால் 64 எழுத்து. இன்னொன்று, ஒரே ஒரு மிளகு கூடினாலும் தூளின் நிறம், மணம் எல்லாமே அடியோடு மாறிவிடும். அதனால் 'கிட்டத்தட்ட சரி' என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் எழுத்தைப் பெரிதாக அடிக்காமல் சிறிதாக அடித்துவிட்டு, "எல்லாம் கரெக்டாத்தான் அடிச்சேன்" என்று சத்தம் போடுகிறவர்கள் மேல் கம்ப்யூட்டர் இரக்கம் காட்டாததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு நெருங்கி வந்தீர்கள் என்பது அதற்கே தெரியாது.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன், பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்தால் என்ன? முதலில் எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள். பாஸ்வேர்டு வழக்கத்துக்கு வந்த முதல் கணினிகளில் ஒன்று, அமெரிக்காவின் எம்ஐடியில் 1960களில் ஓடிய சிடிஎஸ்எஸ். அதில் எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் அப்பட்டமாகக் கிடந்தது. 1966இல் ஒரு நாள், அந்தக் கோப்பும் பயனர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்புக் கோப்பும் இடம் மாறிவிட்டன. உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் 'வணக்கம்' வருவதற்குப் பதிலாக மொத்த ஊரின் பாஸ்வேர்டு பட்டியலும் அச்சாகி வந்து நின்றது. இதில் திருடன் யாருமில்லை, வெறும் கைப்பிசகு. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் நடந்தது நிஜத் திருட்டு. 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அரைக்காத மிளகாயாகவே அங்கே குவிந்திருந்தன, அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் சுமார் 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது '123456'.

அரைத்து வைத்தால் மட்டும் திருடன் சும்மா இருப்பானா? ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போனவனால் தூளை மிளகாயாக்க முடியாது, சரி. ஆனால் அவன் வீட்டிலும் அதே மில் இருக்கிறதே. '123456' என்பதை அரைத்துப் பார்க்கிறான். யார் ஜாடியோடு ஒத்துப்போகிறது? அடுத்து ஊர்ப்பெயர், குலசாமி பெயர், நடிகர் பெயர், பிறந்த வருடம். உங்கள் வங்கியின் வாசலில் நின்று மூன்று முறை தப்பாகச் சொன்னால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். ஜாடியே கைக்கு வந்துவிட்டால் கேட்க நாதியில்லை, கோடி முறை அரைத்துப் பார்க்கலாம்.

அதிலும் ஒரு சோம்பேறித்தனமான குறுக்குவழி உண்டு. வழக்கமான பாஸ்வேர்டுகளை எல்லாம் முன்பே அரைத்து, தூள்களை வரிசையாக அடுக்கிச் சீட்டு ஒட்டி வைத்துவிடுவது. '123456' என்பதை எம்டி5 மில்லில் போட்டால் 'ஈ 1 0 ஏ டி சி 3 9 4 9' என்று தொடங்கும் தூள் வரும். உலகத்தில் எந்த எம்டி5 மில்லில் அரைத்தாலும் இதே தூள்தான். அதைக் கூகுளில் போட்டுத் தேடினால் அசல் என்ன என்று உடனே வந்துவிடும். அரைக்கவே வேண்டாம், ஒப்பிட்டால் போதும். 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்தின் தூள் ஜாடிகள் சுமார் 65 லட்சம் வெளியே வந்தபோது நடந்தது இதுதான். அரைத்துத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே பக்குவத்தில். ஒரே பாஸ்வேர்டு வைத்த ஆயிரம் பேரின் ஜாடியிலும் ஒரே தூள். ஒன்றைக் கண்டுபிடித்தால் ஆயிரமும் திறந்தது. உண்மையில் போனது 11.7 கோடி ஜாடிகள் என்பது நான்கு வருடம் கழித்து, 2016இல்தான் தெரிந்தது.

இதற்கு மருந்து 1979இலேயே அச்சேறியிருந்தது என்பதுதான் எரிச்சலான சங்கதி. யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்துவந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் அந்த வருடம் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் பாஸ்வேர்டிலும் ஆளுக்கு ஒரு விதமான உப்பை ஒரு பிடி சேர்த்துவிடு என்றார்கள். அவர்களே வைத்த பெயர் அது, இன்றைக்கும் பொறியாளர்கள் உப்பு என்றேதான் சொல்கிறார்கள். உப்பு என்பது கணினி தானாகக் குலுக்கிப் போட்டு எடுக்கும் ஒரு எண், உங்களுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. நீங்களும் உங்கள் கொழுந்தனாரும் '123456' என்றே வைத்திருந்தாலும், உப்பு வேறு என்பதால் தூள் வேறு. முன்பே அரைத்து அடுக்கிய ஜாடிகள் மொத்தமும் வீண்.

உப்பு எது என்பதை ஒளித்து வைக்கமாட்டார்கள், ஜாடியின் மேலேயே சீட்டில் எழுதியிருக்கும். திருடனும் படிக்கலாம். படித்துவிட்டுப் போகட்டும், இனி அவன் ஒவ்வொரு ஜாடிக்கும் தனித்தனியாகத்தான் அரைத்தாக வேண்டும். உப்பின் வேலை அவ்வளவே.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர்கள் சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831, அதாவது 86 விழுக்காடு, கொஞ்சம் முயன்றாலே கண்டுபிடிக்கக்கூடியவை. மூன்றெழுத்து, நாலெழுத்து, அகராதியில் உள்ள பெயர். அன்றைக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்களும் பொறியாளர்களும். பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டு வைக்கும் நம் பையனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது வேகம். மில் எவ்வளவு வேகமாக அரைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழ். 2022இல் கடைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற, கேம் விளையாட வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று, எம்டி5 தூளை நொடிக்கு 16,000 கோடி முறை அரைக்கும். கீபோர்டில் இருக்கும் 95 எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் கலந்து நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த எட்டெழுத்து பாஸ்வேர்டானாலும், இருக்கக்கூடிய எல்லாச் சேர்மானங்களையும் அது அரை நாளில் அரைத்து முடித்துவிடும். அதனால் பாஸ்வேர்டுக்கென்றே வேண்டுமென்று மெதுவாக ஓடும் மில்களைச் செய்தார்கள். மில்லை விட்டுவிட்டு அம்மியில் அரைப்பது மாதிரி. 1999இல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாஸியேரும் செய்த பிகிரிப்ட் அப்படிப்பட்ட அம்மி. அதே கார்டு அதில் நொடிக்கு 1.84 லட்சம் முறைதான் அரைக்க முடியும், அதுவும் அம்மியை மிக லேசாக வைத்துச் சோதித்தபோது. அந்த எட்டெழுத்துக்கு இப்போது ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கோ உள்ளே போகும்போது ஒரே ஒரு முறை அரைத்தால் போதும். அந்தத் தாமதம் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் அம்மியும் எல்லாரையும் காப்பாற்றாது. ராக்யூ திருட்டில் கிடைத்த பாஸ்வேர்டுகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைக் கழித்துவிட்டு எடுத்த பட்டியல் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, சுமார் 1.4 கோடி சொற்கள். மேலே சொன்ன அம்மியில்கூட ஒரு ஆளுக்கு அந்தப் பட்டியல் முழுவதையும் அரைத்துப் பார்க்க ஒன்றரை நிமிடம் ஆகாது. அம்மியை நூறு மடங்கு கனமாக்கினாலும் இரண்டு, மூன்று மணி நேரம். பட்டியலில் இருக்கிற சொல்லைத் தேர்ந்தெடுத்தவரை உப்பும் காப்பாற்றாது, கல்லும் காப்பாற்றாது.

இப்போது, பாஸ்வேர்டு வைக்கும்போது நம் எல்லாருக்கும் வரும் எரிச்சலுக்கு வருவோம். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி கட்டாயம் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. இந்த விதி பெரும்பாலும் 2003இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பில் பர் எழுதிய வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. விளைவு என்ன? எல்லாரும் ஒரே மாதிரி ஏமாற்றக் கற்றுக்கொண்டோம். முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு '@123' ஒட்டிவிடுவது. 'மருது' என்பதை ஆங்கிலத்தில் எழுதி, பின்னால் '@123' போட்டால் எல்லா விதியும் பூர்த்தி. திருடனின் மென்பொருளும் முதலில் அரைத்துப் பார்ப்பது இந்தப் பக்குவத்தைத்தான். தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக பர் 2017இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே வருடம் நிஸ்ட்டும் கட்டாயக் குறிகள் வேண்டாம், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்க விடுங்கள், ஏற்கெனவே திருடுபோன பட்டியலில் இருந்தால் மட்டும் தடுங்கள் என்று மாற்றி எழுதியது. நம் ஊர்த் தளங்கள் பலவற்றுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு தளத்தின் சமையலறை சுத்தமா என்பதை வாசலில் நின்றே மோப்பம் பிடிக்கலாம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கியதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்புகிறதா? நல்ல மனுசன் என்று நன்றி சொல்லாதீர்கள். மிளகாயை அரைக்காமல் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பழையதை உங்களிடம் கேட்காமலே 'புதிய பாஸ்வேர்டு கிட்டத்தட்ட பழையது மாதிரி இருக்கிறது' என்று சொன்னாலும் சந்தேகப்படுங்கள், தூளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. '12 எழுத்துக்கு மேல் கூடாது' என்பதும் அப்படித்தான். எவ்வளவு போட்டாலும் தூள் ஒரே அளவுதானே, 12இல் நிறுத்த என்ன அவசியம்?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பது. 2017 மே மாதம் சொமாட்டோ நிறுவனத்தில் 1.7 கோடிப் பேரின் விவரம் திருடுபோனது, அதில் 66 லட்சம் பேரின் பாஸ்வேர்டுத் தூளும் அடக்கம். பூட்டை உடைத்தது எப்படி என்று பிற்பாடு நிறுவனமே விளக்கியது. 2015இல் 000வெப்ஹோஸ்ட் என்ற இலவச நிறுவனத்திலிருந்து கோடிக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் அரைக்காமலே வெளியேறின. அதில் சொமாட்டோவின் மென்பொருளாளர் ஒருவருடைய பாஸ்வேர்டும் இருந்தது. அதையே அவர் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் கணக்கிலும் வைத்திருந்தார். அந்த வழியாக உள்ளே போய் நிரலைப் படித்து, அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து ஜாடிகளை அள்ளிவிட்டார்கள். எங்கேயோ ஒரு கவனக்குறைவான சமையலறை, இங்கே பறிபோனது இன்னொருவர் வீட்டுச் சாமான். திறந்துவிட்டவர் தொழில் தெரிந்த ஆள்.

"அப்படின்னா என் போன்ல மட்டும் பழைய பாஸ்வேர்டு அப்படியே தெரியுதே, அது எப்படி?" என்று ஒரு அத்தை கேட்டார். நல்ல கேள்வி. குரோமிலோ போனிலோ 'சேமிக்கவா?' என்று கேட்கும்போது 'சரி' அமுக்கினால், அது அரைக்காமல் முழு மிளகாயாகவே டப்பாவில் வைத்துப் பூட்டிவிடுகிறது. உங்களுக்காக மறுபடி எடுத்துப் போட வேண்டுமே, அரைத்துவிட்டால் எப்படி? பூட்டைத் திறப்பது உங்கள் போன் லாக் அல்லது கைரேகை. அதனால் சென்டருக்கு ஓடுவதற்கு முன் போனின் செட்டிங்ஸில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து பாருங்கள். மறந்துவிட்டதாக நினைத்ததில் பாதி அங்கேதான் கிடக்கும். சென்டர் கம்ப்யூட்டரில் அதே 'சேமிக்கவா?' வந்தால் மட்டும் 'வேண்டாம்'. ஊர்ப் பொதுச் சமையலறையில் உங்கள் டப்பாவை வைத்துவிட்டு வர மாட்டீர்கள் அல்லவா?

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். கஸ்டமர் கேர் என்று கூகுளில் தேடிக் கிடைத்த ஒரு நம்பரில் பேசுகிறீர்கள். எதிர்முனையில் இருப்பவர், "சார், சரிபார்க்கணும், உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க" என்கிறார். உண்மையான நிறுவனத்தின் ஆளுக்கு அது தேவையே இல்லை. சரிபார்க்கும் வேலையை மில் செய்கிறது. உங்கள் வாயிலிருந்து மிளகாயைக் கேட்பவன் உங்கள் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். அடுத்து ஓடிபி கேட்பான், திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வான். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள்.

பழையதைச் சொல்ல முடியாது என்றால் மிச்சம் ஒரே வழி, ஜாடியைக் கொட்டிவிட்டு புதிதாக அரைப்பது. அதற்கு வந்திருப்பது நீங்கள்தானா என்று தெரிய வேண்டும். போனுக்கோ மெயிலுக்கோ ஒரு ஓடிபி. சிவகங்கைச் சீமையில் நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்கள் ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரமாட்டார்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதற்கப்புறம் அது யார் கைக்கும் போகலாம். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கினால், ஓடிபி முகம் தெரியாத யாரோ ஒருவர் சட்டைப்பையில் மணி அடிக்கும். அவர் நினைத்தால் உங்கள் ஜாடியை அவரே கொட்டிவிட்டு அரைத்துக்கொள்ளலாம். உப்பு, அம்மி, 64 எழுத்து எதுவும் குறுக்கே வராது.

பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கும்போதே உள்ளே போய் நம்பரை மாற்றுவது அஞ்சு நிமிட வேலை. மறந்தபின் மாற்ற வேண்டுமென்றால் ஆதார் நகல், விண்ணப்பம், பல இடங்களில் நேரில் வரச் சொல்லி ஒரு கடிதம். விமான டிக்கெட் எடுத்த கையோடு வங்கி, ஆதார், மெயில் மூன்றிலும் வீட்டில் இருப்பவர் யாராவது ஒருவரின் நம்பரைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.